முப்பது வருஷம் பாக்சிங் பார்த்தவருக்கு பாக்சிங் தெரியுமா?

தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்கு முப்பது வருஷமாக பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று வழி நெடுக இரண்டு பக்கமும் வயல். குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் பூராவும் நெல்லை ஜன்னல் வழியாகப் பார்த்தவர். அவரை ஒரு வரப்பில் இறக்கிவிட்டு, "இது ஆடுதுறை 43-ஆ, சி.ஆர். 1009-ஆ?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "நெல்லுதானே?" என்பார். பக்கத்தில் நிற்கும் விவசாயியைக் கேளுங்கள். நட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும், எந்த மூலையில் தண்ணீர் வடியவில்லை, இந்த மஞ்சள் உரம் கேட்கிற மஞ்சளா நோய் மஞ்சளா என்று நிறுத்தாமல் பேசுவார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே வயலைத்தான். பார்த்த வருஷமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. நீடாமங்கலத்தில் இருக்கிறார். எங்கள் பக்கம் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். பாக்சிங் பார்ப்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். தமிழ்நாட்டில் பாக்சிங் என்றால் வடசென்னைதான். ஆனால் 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, வீட்டில் சொல்லாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்தவர் சித்தப்பா. ஊருக்கு கேபிள் வந்த பிறகு விடவே இல்லை. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். சித்தி வைத்த இட்லி ஆறிக் கல்லாகும் வரை டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். யாராவது மாற்றிப் பேசினால் ஒரே பதில்தான்: "டேய், நான் அலியையே நேர்ல பாத்தவன்டா."

பார்த்தவர்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்த்துப் பார்த்து வருகிற பழக்கமும், ஒன்றை எடைபோடத் தெரிகிற தேர்ச்சியும் ஒன்றா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பேருமே பெயர்கள் சொல்வார்கள், வருஷம் சொல்வார்கள், சண்டைக்கு வருவார்கள். உள்ளே இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தோன்றுவதுதான் சிக்கல்.

நம்பிக்கை இல்லை என்றால் ஒரு தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரையுங்கள். சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு எல்லாம் வந்துவிடும். பெடல் எங்கே, செயின் எங்கிருந்து எங்கே போகிறது, பிரேம் எதோடு எதைச் சேர்க்கிறது என்கிற இடத்தில் பேனா நின்றுவிடும். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா லாசன் 2006இல் இதை ஒரு ஆய்வாகவே வெளியிட்டார். செயினை இரண்டு சக்கரத்தையும் சுற்றி மாட்டியவர்கள் உண்டு. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே கம்பியால் இணைத்தவர்கள் உண்டு. அப்படி ஒரு வண்டி செய்தால் அதைத் திருப்பவே முடியாது. எங்கள் வீட்டிலும் வரைந்து பார்த்தோம். கேரியரில் நெல் மூட்டை வைத்து மில்லுக்கு ஓட்டிய என் அப்பா, செயினைக் கொண்டுபோய் முன் சக்கரத்தில் மாட்டினார். தினமும் பார்த்த பொருள், அதனால் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. யாரும் வரையச் சொல்லாதவரை அந்த நினைப்புக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, பாக்சிங்கில் 'வரைந்து காட்டு' என்று எப்படிக் கேட்பது? அதற்கு மார்க் போடுவது எப்படி என்று முதலில் தெரிய வேண்டும்.

தொழில்முறைப் பட்டப் போட்டி பொதுவாக 12 ரவுண்டு. ஒரு ரவுண்டு 3 நிமிஷம், நடுவில் 1 நிமிஷம் ஓய்வு. ரிங்கின் மூன்று பக்கத்தில் மூன்று ஜட்ஜுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனித்தனியாக மார்க். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் அடிவாங்கிக் கீழே விழுந்தால் அவருக்குப் பெரும்பாலும் 8. குத்து சுத்தமாகப் போய் விழுந்ததா, முன்னேறிப் போனதில் பலன் இருந்ததா, சண்டை யார் இஷ்டப்படி நடந்தது, தன்னைக் காத்துக்கொண்டது எப்படி என்று நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். முதலாவதுக்குத்தான் வழக்கமாக எடை அதிகம்.

இதில் புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. ஒரு ரவுண்டு முடிந்தால் அதன் கணக்கும் முடிந்தது. ஏழாவது ரவுண்டில் ஒருவர் எதிராளியைத் துவைத்து எடுத்தாலும், கீழே விழவைக்கவில்லை என்றால் பெரும்பாலும் 10-9 தான். மூன்றாவது ரவுண்டை நூலிழையில் தட்டிப் பறித்தவருக்கும் அதே 10-9 தான். ஆக, பன்னிரண்டு ரவுண்டையும் மொத்தமாக நினைத்து, "யார் நல்லா அடிச்சான்" என்று ஞாபகத்திலிருந்து தீர்ப்பு சொன்னால் அது ஜட்ஜ் போட்ட கணக்கோடு ஒட்டாது. ஞாபகத்தில் ஏழாவது ரவுண்டு மட்டும்தான் இருக்கும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் ஒரு யோசனை சொன்னேன். 1987 ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகாஸில் நடந்த சுகர் ரே லியோனார்டு, மார்வின் ஹேக்லர் சண்டை. லியோனார்டு கண்ணில் விழித்திரை பிரச்சினையால் ஓய்வு பெற்று, ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு சண்டை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். ஹேக்லர் அசைக்க முடியாத சாம்பியன். முடிவு லியோனார்டுக்குப் போனது. ஹேக்லர் அதன் பிறகு ரிங் ஏறவே இல்லை. இதைப் பல தடவை பார்த்திருக்கும் சித்தப்பாவின் தீர்ப்பு மாறாதது: "ஹேக்லரை ஏமாத்திட்டானுங்க." மறுபடி பார்க்கலாம், ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டு என்றேன். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ஓய்வு நேரத்துக்குள் மார்க் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். பேசக் கூடாது, திருப்பிப் போடக் கூடாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் அலமாரியில் இருந்தன. ஆளுக்குப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டோம்.

முதல் ரவுண்டு முடியும் முன்பே சித்தப்பா நெளிய ஆரம்பித்தார். "சத்தம் இல்லாம என்னடா பாக்கறது?"

சின்ன வயதில் ஏதோ கேள்வித்தாளைப் பார்த்துத் திகைத்தவர் மாதிரி கேட்டார். எனக்கும் அதே கதிதான். இத்தனை நாள் பாதி வேலையை வர்ணனையாளர் செய்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் குரல் உயர்ந்தால் அது நல்ல குத்து. கூட்டம் கத்தினால் அது விழுந்த குத்து. அது முழங்கையில் பட்டதா, கிளவுஸில் பட்டதா, முகத்தில் பட்டதா என்று நாமாகப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. நாலாவது ரவுண்டில் சித்தப்பா பேனாவை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாவது முடிந்ததும், "அஞ்சாவதுல நான் என்ன போட்டேன்?" என்று மடித்த தாளைப் பிரிக்கப் பார்த்தார். விடவில்லை.

கடைசியில் கூட்டினோம். என் தாள்களில் ஹேக்லர் 115-113. சித்தப்பாவின் தாள்களில் லியோனார்டு 115-113. அதாவது ஏழு ரவுண்டு லியோனார்டுக்கு, ஐந்து ஹேக்லருக்கு. 'ஏமாத்திட்டானுங்க' என்று இத்தனை வருஷம் சொன்னவர் அவரே எழுதிய கணக்கைப் பார்த்து, "கூட்டல் தப்பா இருக்கும்" என்று இரண்டு தடவை கூட்டினார். அன்றைக்கு நிஜத்தில் ஜட்ஜுகள் போட்டதும் வேடிக்கைதான். ஒருவர் ஹேக்லருக்கு 115-113, இன்னொருவர் லியோனார்டுக்கு 115-113, மூன்றாமவர் லியோனார்டுக்கு 118-110. அந்த மூன்றாமவர் மாதிரி பார்க்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

சித்தப்பாவின் தாள்களைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். லியோனார்டு அன்று ஒரு தந்திரம் செய்தார். ரவுண்டின் பெரும்பகுதி சுற்றிச் சுற்றி நகர்ந்து மூச்சைச் சேமித்துக்கொண்டு, கடைசி அரை நிமிஷத்தில் சடசடவென்று கொத்துக் கொத்தாகக் குத்துவார். மணி அடிக்கும்போது கண்ணில் நிற்பது அந்தச் சடசடப்புதான். நெருக்கமான ரவுண்டுகளில் சித்தப்பா அந்தக் கடைசி அரை நிமிஷத்துக்குத்தான் மார்க் போட்டிருந்தார். நான் இன்னொரு பக்கம் விழுந்திருந்தேன். யார் முன்னேறி வருகிறாரோ அவர்தான் ஜெயிக்கிறார் என்று என் கண் முடிவுகட்டியிருந்தது. ஹேக்லர் முன்னேறி வந்துகொண்டே இருந்தார், உண்மைதான். ஆனால் வந்து சேர்ந்த இடத்தில் லியோனார்டு பல சமயம் இல்லை. முன்னால் வருவதற்கு மார்க் கிடையாது; வந்து அடித்தால்தான் உண்டு.

இந்தச் சோதனையில் மிக முக்கியமான சரக்கு அந்த மடித்த தாள்தான். காரணம், முடிவு தெரிந்த பிறகு நம் ஞாபகம் தானாகத் திருத்திக்கொள்கிறது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லாத மாமா எந்த ஊரில் இருக்கிறார்? 1975இல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தார். ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் 1814இல் நடந்த போரைப் பற்றிப் படிக்கக் கொடுத்து, ஒரு குழுவிடம் ஆங்கிலேயர் ஜெயித்ததாகவும், இன்னொரு குழுவிடம் கூர்க்காக்கள் ஜெயித்ததாகவும் மாற்றி மாற்றிச் சொன்னார். எந்த முடிவைச் சொன்னார்களோ, அந்த முடிவு வரத்தான் வாய்ப்பு அதிகம் என்று அந்தந்தக் குழுவினர் நினைத்தார்கள். எழுதி வைக்காத ரசிகனுக்கு வாழ்நாளில் தோல்வியே கிடையாது. தோல்வி இல்லாதவனுக்குப் பாடமும் கிடையாது.

அப்புறம், கண் எங்கே இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். இது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது.

புதிதாகப் பார்க்கும் யாருக்கும் கண் கிளவுஸின் பின்னால்தான் ஓடும். அங்கேதான் அசைவு அதிகம். ஆனால் குத்து கையில் பிறப்பதில்லை. பின்காலை ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. காலைப் பார்த்தால் குத்து கிளம்பும் முன்பே தெரியும். வலக்கைக்காரர் இடது காலை முன்னால் வைத்து நிற்பார். இடக்கைக்காரர் வலது காலை. இந்த இரண்டு பேரும் மோதினால் முன்கால்கள் ஒன்றையொன்று மிதிக்கிற தூரத்தில் வந்து நிற்கும். யாருடைய முன்கால் வெளிப்பக்கமாகப் போய் ஊன்றுகிறதோ, அவருடைய பின்கைக்கு எதிராளியின் முகம் வரை நேர் பாதை திறக்கும். எதிராளியின் பின்கை தூரமாகிவிடும். டிவியில் இரண்டு பேரும் சும்மா வட்டமடிப்பதுபோல் தெரிகிற அந்த நேரத்தில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கால் சண்டைதான். கூட்டம் கூச்சல் போடும், 'அடிடா' என்று. கால் பார்க்கத் தெரிந்தவர் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்.

அதேபோல் வயிற்றுக் குத்து. விழும்போது ஒன்றும் தெரியாது. வாங்கியவர் முகம் கூடச் சுளிக்க மாட்டார். ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் முழுகினால் முதல் நாள் பச்சையாகத்தான் நிற்கும். சேதம் தெரிய நாளாகும். அந்த மாதிரி, மூன்றாவது ரவுண்டில் விலாவில் வாங்கியது எட்டாவது ரவுண்டில் கை தாழ்வதாகவும், கால் இழுப்பதாகவும் வெளியே வரும். அப்போது முகத்தில் விழுகிற ஒரு குத்தில் ஆள் சாய்ந்தால், நாம் அந்தக் குத்தை மட்டும் பத்து வருஷம் பேசுவோம்.

1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் நடந்த அலி, ஜார்ஜ் ஃபோர்மன் சண்டையை இதற்காகவே மறுபடி பார்க்கலாம். ஃபோர்மன் அதற்கு முன்பு ஜோ ஃபிரேசியரையும் கென் நார்டனையும் ஆளுக்கு இரண்டே ரவுண்டில் முடித்தவர். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடி வாங்குகிறார், வாங்கிக்கொண்டே இருக்கிறார். கிளவுஸைப் பார்க்கிற கண்ணுக்கு அலி தோற்றுக்கொண்டிருக்கிறார். அவர் மூலையிலிருந்த பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியே கயிற்றை விட்டு வா என்று கத்தினார். ஆனால் ஃபோர்மனின் குத்துகளில் நிறைய அலியின் முழங்கையிலும் புஜத்திலும் விழுந்து வீணாகின்றன. அந்த வெக்கையில் ஒவ்வொரு வீண் குத்தும் ஃபோர்மனின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. எட்டாவது ரவுண்டில் அலி அவரை விழவைத்தார். சித்தப்பாவுக்கு இந்தச் சண்டை மனப்பாடம். ஆனால் ஃபோர்மனின் தோள் எந்த ரவுண்டிலிருந்து தளர்ந்தது என்று கேட்டால், "எட்டுலதான்டா விழுந்தான்" என்பார்.

இப்படிச் சொன்னதால் பார்த்துப் பார்த்துத் தேர்ச்சி வரவே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரும். தஞ்சை மண்ணில் இருந்துகொண்டு அதை மறுத்தால் திருவையாறு பக்கம் தலைகாட்ட முடியாது. தை மாத ஆராதனைக்குக் காவிரிக் கரைப் பந்தலில் உட்கார்ந்து பாருங்கள். வாழ்நாளில் ஒரு வர்ணம் கூடப் பாடாத பெரியவர், ஆலாபனையின் முதல் பிடியிலேயே பக்கத்து ஆளிடம் "காம்போதி" என்று முணுமுணுப்பார். இல்லை, "ஹரிகாம்போதியோ?" என்று ஒரு கணம் தயங்குவார். கொஞ்ச நேரத்தில் கீர்த்தனையின் பல்லவி தொடங்கும், விடை தெரிந்துவிடும். சொன்னது தப்பென்றால் பக்கத்து ஆள் ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வை அடுத்த வருஷம் வரை மறக்காது. ஒரு கச்சேரிக்கு ஆறேழு பரீட்சை, அப்போதைக்கப்போதே திருத்தித் தரப்படுகிறது. தவில் தனி ஆவர்த்தனத்தில் எல்லோரும் கை வேகத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் மட்டும் கோர்வை சரியான இடத்தில் வந்து விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் கேட்டே கற்றவர்தான்.

பாக்சிங் ரசிகருக்கு இந்த வசதி தானாகக் கிடைப்பதில்லை. இன்னொரு கஷ்டமும் இருக்கிறது: கீர்த்தனை மாதிரி ஜட்ஜின் தீர்ப்பு உறுதியான விடை இல்லை. மூன்று ஜட்ஜும் மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். ஒருவருக்குத் தெரிகிற குத்து இன்னொருவருக்கு முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் மொத்த முடிவோடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். ரவுண்டு வாரியாக எங்கே பிரிகிறோம், ஏன் பிரிகிறோம் என்று பார்ப்பதில்தான் கண் திறக்கிறது.

பார்த்தே பிழைத்தவர் கதை ஒன்று பாக்சிங்கிலேயே உண்டு. 1936இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங், அதுவரை தோற்காத ஜோ லூயிஸுடன் மோத வேண்டியிருந்தது. லூயிஸின் சண்டைப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். இடக்கையால் ஜாப் (முன்கையை நேராக நீட்டிப் போடும் சுருக்கென்ற குத்து) போட்டுவிட்டு அந்தக் கையைத் திரும்ப இழுக்கும்போது லூயிஸ் அதைத் தாழ்த்திவிடுகிறார் என்று கண்டுபிடித்தார். அந்த ஒரு கணத்தில் வலக்கைக்கு வழி கிடைக்கும். ஜூன் 19 அன்று நியூயார்க்கில் அந்த வழியாகவே குத்திக் குத்தி, பன்னிரண்டாவது ரவுண்டில் லூயிஸைச் சாய்த்தார். லூயிஸின் குத்துகளை ஆயிரக்கணக்கானவர்கள் ரசித்துக்கொண்டிருந்தபோது, இவர் குத்தி முடித்த கை எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறார். (இரண்டு வருஷம் கழித்து லூயிஸ் அவரை முதல் ரவுண்டிலேயே முடித்து வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.)

தேர்ந்த கண் என்பது ஏதோ பொதுவான ஞாபகசக்தி கிடையாது. நம் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் ஆடுகிற சதுரங்கத்தை வைத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஒரு பலகையை ஐந்து விநாடி காட்டிவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் நிலை என்றால் மாஸ்டர் புதியவரை எங்கோ விட்டுவிட்டுப் போனார். காய்களை இஷ்டத்துக்கு இறைத்து வைத்தால் மாஸ்டரும் புதியவரும் ஒன்றாகிவிட்டார்கள். அர்த்தமுள்ள கொத்துகளாகப் பார்க்கத் தெரிந்ததுதான் வித்தியாசம்.

கடைசியாக, இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் வீசும் அஸ்திரம்: "நீ ரிங்ல ஏறியிருக்கியா?" ஏறியவருக்கு நிறையத் தெரியும், வலி உட்பட. ஆனால் எல்லாம் தெரியும் என்று சொல்ல முடியாது. 2021 ஜூலை 29, டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் கொலம்பியாவின் இங்க்ரித் வலென்சியாவுடன் மோதினார். மேரி கோமுக்கு இருபது வருஷ அனுபவம், லண்டன் ஒலிம்பிக் வெண்கலம். மூன்று ரவுண்டு, ஐந்து ஜட்ஜுகள். முதல் ரவுண்டை நாலு ஜட்ஜுகள் வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ரவுண்டிலும் மூன்று மூன்று பேர் மேரி கோமுக்குக் கொடுத்தார்கள். மூன்றில் இரண்டு ரவுண்டு மேரி கோம் பக்கம், அப்படியிருந்தும் தோல்வி. காரணம், ஒவ்வொரு ஜட்ஜும் தன் தாளைத் தனியாகக் கூட்டுகிறார்; அப்படிக் கூட்டியதில் மூன்று பேர் தாளில் வலென்சியா முன்னால் இருந்தார். ரிங்குக்குள் நின்ற மேரி கோம் தான் ஜெயித்ததாகவே நினைத்தார். தோற்றது அவருக்கே பிறகுதான் உறைத்தது. குத்து வாங்குகிற இடத்திலிருந்து மார்க் போடுவது கஷ்டம்.

சித்தப்பா இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலண்டர் தாளோடுதான் உட்காருகிறார். சத்தத்தைக் குறைத்துவிடுகிறார், முழுசாக நிறுத்த மனசு வரவில்லை. ஒரு ரவுண்டு முழுக்கக் காலை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பத்து விநாடியில் கண் மேலே போய்விடுகிறது என்று அவரே போனில் புலம்புகிறார். எனக்கும் அப்படித்தான் போகிறது. லியோனார்டு, ஹேக்லர் சண்டையின் ஏழாவது ரவுண்டு யாருக்கு என்பது மட்டும் எங்களுக்குள் தீரவில்லை. பொங்கலுக்குப் போனபோது அந்த ஒரு ரவுண்டை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தோம். சித்தப்பா தன் மார்க்கை மாற்றிக்கொண்டார். நானும் மாற்றிக்கொண்டேன். மறுபடியும் ஒத்துப்போகவில்லை.